ஸ்பெயினுக்குக் காசு கட்டுவதற்கு முன்னால்

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நீளமாக எழுதியிருந்தார். மகன் பிளஸ் டூ படிக்கிறான், மாவட்டக் கால்பந்து அணிக்கு நடுக்களத்தில் ஆடுகிறான். பதினோரு வயதில் அப்பாவோடு கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்குப் போய், சென்னை சிட்டி அணி 2018-19ல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் பட்டம் வென்றதை நேரில் பார்த்தவன். அந்த அணியில் ஆடிய ஸ்பெயின்காரர்கள், அதிலும் நடுக்களத்தில் ஆடிய நெஸ்டர் கோர்டியோ, அவன் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது ஒரு ஏஜென்ட் வந்திருக்கிறார். ஸ்பெயினில் ஒரு வருட அகாடமி, தங்குமிடம், சாப்பாடு, விசா, கிளப்புகளின் முன்னால் ஆடிக் காட்டும் வாய்ப்பு, எல்லாம் சேர்த்து 25 லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார். தாய்மாமா பாதி தருகிறாராம், மீதிக்குத் தென்னந்தோப்பை அடமானம் வைக்க யோசனை. பெரியப்பாவோ பந்தை ஓரமாக வைத்துவிட்டு இன்ஜினியரிங் சேர்த்துவிடு என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இரண்டில் எது சரி என்று அந்த அம்மா கேட்கிறார்.

பதறாதீர்கள், எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நாலு வரி எழுதிவிட்டுத்தான் மற்றதற்கு வர நினைத்தேன். ஆனால் தோப்பு என்ற வார்த்தையைப் படித்த பிறகு சுற்றி வளைக்க மனசு வரவில்லை. அம்மா, தோப்பை அடமானம் வைக்காதீர்கள். உங்கள் அண்ணன் தரும் பாதிப் பணத்தையும் இதற்காக வாங்காதீர்கள். பையன் ஸ்பெயினில் இருக்கிறான் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம், ஒரு வருடத்துக்கு அது கௌரவமாகத்தான் இருக்கும். அதைத் தாண்டி அந்தப் பணம் என்ன வாங்கித் தருகிறது என்று பார்த்தால் கையில் ஒன்றும் தங்காது. ஏன் என்று சொல்கிறேன்.

தம்பிக்குப் பிடித்த நெஸ்டர், கிரான் கனாரியா தீவின் லாஸ் பால்மாஸில் பிறந்தவர். கால்பந்தில் ஊறிய நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர், முப்பதை நெருங்கும் வயதில் ஏன் கோயம்புத்தூருக்கு ஆட வந்தார்? இந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் யாராவது கேட்டீர்களா? அவர் திறமை குறைந்தவர் இல்லை, நம் ஊர் ரசிகர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அங்கே இடம் இல்லை என்பதுதான் காரணம். ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லிகாவில் 20 அணிகள், இரண்டாம் டிவிஷனில் 22. அணிக்கு 25 பேர் என்று வைத்தாலும் மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் இடங்கள், அதிலும் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பங்கு போக மீதிதான் உள்ளூர்க்காரர்களுக்கு. அதற்குக் கீழே, நெஸ்டர் இங்கே வந்த காலத்தில், செகுண்டா பே என்ற மூன்றாம் அடுக்கில் மட்டும் 80 கிளப்புகள். 2021ல் அதைப் பிரித்து மூன்றாம் அடுக்கில் 40, நான்காம் அடுக்கில் 90 என்று ஆக்கினார்கள், ஐந்தாம் அடுக்கில் 18 பிரிவுகள். அடுக்கு இறங்க இறங்கச் சம்பளமும் இறங்கும். கீழே ஆடுகிறவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில்தான் பயிற்சிக்கு வருகிறார்கள்.

டிமாஸ் டெல்காடோவை எடுத்துக்கொள்ளுங்கள். பார்சிலோனாவின் 'பி' அணியில் ஆடியவர், அதாவது உங்கள் ஏஜென்ட் காட்டும் கனவின் வாசற்படி வரை போனவர். முதல் அணியில் நிலைக்க முடியவில்லை. நுமான்சியா, ரெக்ரியேட்டிவோ, அப்புறம் ஆஸ்திரேலியாவின் வெஸ்டர்ன் சிட்னி, கடைசியில் 2017ல் பெங்களூரு. இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐஎஸ்எல் போட்டியின் 2018 இறுதி ஆட்டத்தில் நம் சென்னையின் எஃப்சி 3-2 என்று தோற்கடித்த பெங்களூரு அணி அவருடையதுதான், அடுத்த ஆண்டே அவர்கள் ஐஎஸ்எல் கோப்பையை வென்றார்கள். மார்கோஸ் டெபார் ரியல் மாட்ரிட் இளையோர் அணிகளில் வளர்ந்தவர். ஜிரோனா, அல்மேரியா, இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்ட், பிறகு டெல்லி, புனே, ஒடிஷா. இவர்களை நான் மதிக்கிறேன், முழு மனதோடு மதிக்கிறேன். ஒரு சீசன், இரண்டு சீசன் என்று ஒப்பந்தம் போட்டு, அது முடியும்போது மறுபடி பெட்டியைக் கட்டி, மொழி தெரியாத ஊரில் போய் இருபது பையன்களோடு பழகி, அடுத்த ஆட்டத்துக்குள் நடுக்களத்தைத் தன் கையில் எடுக்கிற வேலை லேசான வேலை இல்லை. ஆனால் பார்சிலோனா, மாட்ரிட் உள்ளேயே வளர்ந்தவர்களுக்கே வாழ்க்கை இப்படி என்றால், பதினெட்டு வயதில் ஒரு வருடம் காசு கட்டிப் படித்துவிட்டு வரும் பையனுக்கு அங்கே எந்த நாற்காலி காலியாக இருக்கும்?

சட்டம் இன்னொரு பக்கம். 18 வயது நிரம்பாத ஆட்டக்காரரை நாடு விட்டு நாடு பதிவு செய்ய உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 19வது விதி பொதுவாக அனுமதிப்பதில்லை, விலக்குகள் மிகக் குறைவு. இதை மீறியதற்காக பார்சிலோனாவுக்கே 2014ல் தண்டனை வந்தது, 2015 முழுக்கப் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து ரியல் மாட்ரிட்டுக்கும் அட்லெடிகோவுக்கும் இதே தண்டனை. ஜப்பானின் டகெஃபுசா குபோ பத்து வயதிலேயே பார்சிலோனாவின் இளையோர் அகாடமியான லா மாசியாவில் சேர்ந்தவர். இந்த விவகாரத்தில் அவரால் அங்கே போட்டிகளில் ஆட முடியாமல் போய், 2015ல் டோக்கியோ திரும்பினார், 18 ஆனபோது 2019ல் மறுபடி ஸ்பெயின் போனார். பார்சிலோனாவே தேடி எடுத்த பிள்ளைக்கு இந்தப் பாடு. உங்கள் மகனுக்கு இன்னும் 18 ஆகவில்லை.

ஆன பிறகு? ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு அணியிலும் மிகச் சில இடங்கள்தான், அந்த இடத்தைப் பிரேசில் போன்ற தென் அமெரிக்க நாட்டு வீரர்களுக்குத்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். அர்ஜென்டினா, உருகுவே நாட்டவர் இரண்டு வருடம் சட்டப்படி வசித்தாலே ஸ்பெயின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், இந்தியருக்குப் பத்து வருடம். அப்படியே வாங்கினாலும் இந்தியக் குடியுரிமை போய்விடும், நாட்டுக்காக ஆடும் ஆசையை அதோடு விட்டுவிட வேண்டியதுதான். இதையெல்லாம் ஏஜென்ட் உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருந்தால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியாவது இருந்திருக்கும்.

போய்ப் போராடியவர்களும் உண்டு. இஷான் பண்டிதா சின்ன வயதிலேயே ஸ்பெயின் போய், லெகானேஸ், லோர்கா என்ற கிளப்புகளில் முயன்று, 2020ல் எஃப்சி கோவாவுக்கு வந்து, பிறகு இந்திய அணிக்கும் ஆடினார். அவருடைய உறுதியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் தொழில் அமைந்தது எங்கே என்று பாருங்கள், இங்கேதான்.

ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் மகனை உண்மையிலேயே வேண்டும் என்று நினைக்கிற கிளப் உங்களிடம் பணம் கேட்காது. கேட்டால், அங்கே அவன் ஆட்டக்காரன் இல்லை, வாடிக்கையாளன்.

இன்ஜினியரிங், கலைக்கல்லூரி, போட்டித் தேர்வு பற்றி நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல உங்களைச் சுற்றி ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை: மனசில்லாத பையனுக்கு நாலு வருடம் கட்டும் கட்டணமும் செலவுதான், அதையும் யாராவது கணக்குப் போட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பொடியன்களைக் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுக்கிறான், நோட்டுப் புத்தகம் முழுக்க வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து வைத்திருக்கிறான், படிக்கச் சொன்னால் இதைச் செய்கிறான் என்று குறை சொல்லியிருந்தீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். மூன்று பக்கக் கடிதத்தில் மாமா பேசுகிறார், பெரியப்பா பேசுகிறார், ஏஜென்ட் பேசுகிறார், பையன் என்ன கேட்கிறான் என்று எங்கேயும் இல்லை, அந்த வரியில் மட்டும்தான் அவன் இருக்கிறான். அவன் சாய்வு பயிற்சியாளர் தொழிலின் பக்கம் இருக்கிறது, அதை யாரும் பார்க்கவில்லை.

ஸ்பெயினிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எதுவென்றால் இதுதான். அங்கே கால்பந்துப் பயிற்சி கொடுப்பது ஓய்வு பெற்றவர் பொழுதுபோக்காகச் செய்கிற வேலை கிடையாது, அரசு அங்கீகரித்த படிப்பு. 2000ஆம் ஆண்டு அரசாணை ஒன்றின் மூலம் கால்பந்துக்கென்றே தொழில்நுட்பப் பட்டங்களை உருவாக்கினார்கள். நம் பத்தாம் வகுப்பு மாதிரியான கட்டாயக் கல்வியை முடித்து, களத்தில் ஒரு நுழைவுத் தேர்வையும் தாண்டினால் நடுநிலைப் பட்டத்தில் சேரலாம், மேல்நிலைக் கல்வியும் முடித்திருந்தால் அதற்கு அடுத்த உயர்நிலைப் பட்டம் வரை போகலாம். முதல் கட்டத்திலேயே உடற்கூறு, முதலுதவி, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை, பயிற்சியின் அடிப்படை, விளையாட்டுச் சட்டம் எல்லாம் பாடமாக வரும். அதோடு ஆட்ட உத்தி, விதிகள். அப்புறம் ஒரு கிளப்பில் போய் நேரடிப் பயிற்சி, அதை முடிக்காமல் பட்டம் கிடையாது.

அதைப் படிக்கிறவர்களில் கீழ் அடுக்குகளில் ஆடிக்கொண்டிருக்கும் இளைஞர்களும் உண்டு. அங்கே ஒரு சாதாரண ஊர் கிளப்பிலும் வயதுவாரியாக அணிகள் இருக்கும்: எட்டு ஒன்பது வயதுக்கு பெஞ்சமின், பத்துப் பதினொன்றுக்கு அலெவின், அடுத்து இன்ஃபாண்டில், காடெட், பதினாறிலிருந்து பதினெட்டு வரை ஹுவெனில். சின்னப் பிள்ளைகளுக்கு ஏழு பேர் ஆட்டம், பெரிய மைதானத்தில் பதினொரு பேர் ஆட்டம் இன்ஃபாண்டிலில்தான் தொடங்குகிறது. இத்தனை அணிக்கும் கோச் வேண்டுமே. மூத்தோர் அணியில் நடுக்களம் ஆடும் இருபது வயதுப் பையன், வாரத்தில் சில மாலைகளில் தன் பயிற்சிக்கு முன்னால் பெஞ்சமின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வான், சனிக்கிழமை காலை அவர்களோடு ஆட்டத்துக்குப் போவான், ஞாயிற்றுக்கிழமை தன் ஆட்டம். கையில் கொஞ்சம் காசு, பெயருக்குப் பின்னால் ஒரு சான்றிதழ், முப்பது வயதில் கால் சொன்னபடி கேட்காமல் போகும்போது பத்து வருட அனுபவம். நடுக்கள ஆட்டக்காரர்கள் இதில் நன்றாக வருவார்கள் என்பது என் நம்பிக்கை, ஏனென்றால் அந்த இடத்தில் நிற்கிறவன் முன்னாலும் பின்னாலும் எல்லாரையும் பார்த்துக்கொண்டே ஆட வேண்டும்.

நம் ஊர் அணிகளுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர்களையே பாருங்கள். மனோலோ மார்க்கேஸ் கத்தலோனியாவின் கீழ் அடுக்கு கிளப்புகளில் பல காலம் பயிற்சியாளராக இருந்து, 2017ல் லா லிகாவில் லாஸ் பால்மாஸ் வரை ஏறி, பிறகு ஹைதராபாத்துக்கு வந்து 2022ல் ஐஎஸ்எல் பட்டம் வென்றார், 2024ல் இந்திய அணியின் பயிற்சியாளரானார். செர்ஜியோ லோபேரா பார்சிலோனாவின் இளையோர் அணிகளுக்குப் பயிற்சி தந்து மேலே வந்தவர், 2020-21ல் மும்பை சிட்டிக்கு லீக் சுற்றில் முதலிடத்துக்கான ஷீல்டு, இறுதி ஆட்டத்தில் வெல்லும் கோப்பை இரண்டையும் ஒரே சீசனில் கொண்டுவந்தார். இவர்கள் இருவரும் நட்சத்திர ஆட்டக்காரர்களாக இருந்ததில்லை.

காயம் ஒரு தொழிலை எப்படி முடிக்கும் என்பதற்கு ஸ்பெயின் ஆட்டக்காரர் மிச்சுவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவியேடோவில் தொடங்கி, செல்டா, ராயோ என்று போய், 2012ல் வெறும் 20 லட்சம் பவுண்டுக்கு அவரை ஸ்வான்சீ வாங்கியது. அந்த சீசனில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 18 கோல், அடுத்த ஆண்டு ஸ்பெயின் அணிக்கு ஒரு ஆட்டம். கணுக்கால் விடவில்லை. இத்தாலியின் நாபோலியில் நிலைக்கவில்லை, சொந்த மண்டலத்தில் லாங்ரேயோ என்ற நான்காம் அடுக்கு கிளப்பில் போய் ஆடினார், 31 வயதில் ஆட்டத்தையே நிறுத்தினார். பிறகு புர்கோஸ் கிளப்பின் விளையாட்டு இயக்குநராக உட்கார்ந்தார். எஸ்தெபான் கிரானெரோ ரியல் மாட்ரிட்டுக்கு ஆடிக்கொண்டே உளவியல் படித்தவர், பின்னாளில் ஆட்டத் தரவுகளைச் செயற்கை நுண்ணறிவால் அலசும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்பெயின் ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கமான ஏஎஃப்இ 1978ல் தொடங்கியது, அடுத்த ஆண்டே வேலைநிறுத்தம் செய்தது, ஒப்பந்தம் முடிந்தும் ஆட்டக்காரரைக் கட்டிப்போடும் பழைய முறையை எதிர்த்துப் போராடியது. இன்றைக்கும் கோடையில் கிளப் கிடைக்காமல் நிற்பவர்களைச் சேர்த்துப் பயிற்சி நடத்துகிறது, படிப்புக்கு உதவித்தொகை கொடுக்கிறது. ஆட்டக்காரர்களின் சங்கமே படி என்கிறது, அம்மா. உங்கள் ஏஜென்ட் மட்டும்தான் படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

சரி, இதை நம் ஊரில் எப்படிச் செய்வது? 18 முடிந்ததும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ். அது சில நாள் வகுப்புதான், கட்டணம் ஸ்பெயின் விமான டிக்கெட்டுக்குக்கூட அருகில் வராது. அதை வைத்து ஒரு பள்ளியிலோ அகாடமியிலோ சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டும், அந்த அனுபவத்தோடு சி, பிறகு வருடங்கள் போகப் போக பி, ஏ. கூடவே ஒரு பட்டம் கட்டாயம். உடற்கல்வி, விளையாட்டு அறிவியல் படிக்க வண்டலூருக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, குவாலியரில் 1957லிருந்து லட்சுமிபாய் நிறுவனம் இருக்கிறது. பிசியோதெரபி பிடித்தால் அதுவும் இந்த உலகத்துக்குள்தான். கணக்கில் கெட்டிக்காரன் என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியானால் புள்ளியியல் படித்துக்கொண்டே ஆட்ட அலசல் பக்கம் போகலாம். எதில் சேர்ந்தாலும் கல்லூரி அணிக்கும் மாவட்ட லீக்குக்கும் ஆடட்டும், ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நான் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. நன்றாக ஆடினால் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி தேர்வுக்குக் கூப்பிடுவார்கள், கிளப் பார்க்கும், அப்போது ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடட்டும். படிப்பும் லைசென்ஸும் அவன் காலுக்குக் கீழே தரையாக இருக்கும்.

சம்பளத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் குறைவுதான், சில வருடம் இழுத்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் கிளப்புகள் லீக்கில் ஆடுவதற்கான லைசென்ஸ் பெற இளையோர் அணிகளை வைத்திருக்க வேண்டும், அவற்றுக்குச் சான்றிதழ் உள்ள பயிற்சியாளர் வேண்டும் என்பது விதி. பள்ளிகளும் இப்போது டி, சி லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கிவிட்டன. ஆட்டத்தை மட்டும் நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்றால், தம்பி கண்முன் பட்டம் வென்ற சென்னை சிட்டி 2021-22 ஐ-லீக்கில் இல்லவே இல்லை. 2025ல் ஐஎஸ்எல் சீசனே குறித்த காலத்தில் தொடங்கவில்லை, ஒப்பந்தச் சிக்கலில் நின்றது, ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு என்ன வழி என்று தெரியாமல் தவித்தார்கள்.

பணத்தில் நான் கறாராக இருப்பேன். முதல் மூன்று வருடத்துக்குப் படிப்பு, லைசென்ஸ், ஷூ, பயணம் எல்லாம் சேர்ந்தும் அடமானம் வைக்கிற நிலைமைக்குப் போகக் கூடாது, போகவும் தேவையில்லை. உங்கள் அண்ணன் உதவ நினைத்தால் கல்லூரிக் கட்டணத்தை வருடா வருடம் கட்டட்டும், அதை நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பெயினைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை தம்பிக்கு இருந்தால், பட்டமும் சி லைசென்ஸும் கையில் வந்த பிறகு அங்கே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கட்டும். அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும், ஸ்பானிஷ் மொழியை இப்போதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தால் போதும், அரசுப் பல்கலைக்கழகங்களின் கட்டணம் அந்த அகாடமி கேட்பதில் ஒரு சிறு பகுதிதான்.

ஏஜென்டுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டதாகக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே அவருக்கு எழுத்தில் மூன்று கேள்வி அனுப்புங்கள். எந்த ஸ்பானிஷ் கிளப்பின் பெயரில் மகனைக் கூட்டமைப்பில் பதிவு செய்வீர்கள்? 18 வயதுக்குள் என்றால் ஃபிஃபாவின் எந்த விலக்கின் கீழ்? போன வருடம் அனுப்பிய பையன்களில் எத்தனை பேர் இன்று சம்பளம் வாங்கி ஆடுகிறார்கள், அவர்களின் பெற்றோரிடம் பேச முடியுமா? போனில் பதில் சொன்னால் ஏற்காதீர்கள், மின்னஞ்சலில் வரட்டும். வரவில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், மகனின் பாஸ்போர்ட் அவரிடம் இருந்தால் அதை முதலில் வாங்கிவிடுங்கள்.